லைக்கா உடம்பு, நிக்கான் கண்

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம கேட்பவர் ஒருத்தர் அனுப்பினது. "தாத்தாவோட பழைய லென்ஸ் ஒண்ணு பரண்ல கிடைச்சுது. என் கேமரா வேற கம்பெனி. மாட்டலாமா?"

கடைக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் செட் ஆகாது தம்பி, கேமரா போயிடும்" என்பார். ஃப்ரெண்டைக் கேட்டால், "ஒரு அடாப்டர் வாங்கிப் போடுடா, அவ்ளோதான்" என்பான். ரெண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்கணும்னா 1950-ம் வருஷத்து டோக்கியோவுக்குப் போகணும். வேற கம்பெனி லென்ஸை மாட்டினதால ஒரு நாட்டோட பேரே மாறின கதை அது.

ஒரு போட்டோ, ஒரு சந்தேகம்

டேவிட் டக்ளஸ் டங்கன். அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை போட்டோகிராபர். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்துகொண்டே படம் எடுத்தவர். 1950-ல் ஜப்பானியக் கலை பற்றிய ஒரு வேலைக்காக டோக்கியோவில் இருந்தார். அவர் கையில் இருந்தது லைக்கா. அந்தக் காலத்தில் தொழில் தெரிந்த ஆள் என்றால் லைக்கா, இல்லாவிட்டால் கான்டாக்ஸ். ரெண்டுமே ஜெர்மனி. 'மேட் இன் ஜப்பான்' என்றால் அமெரிக்காவில் மலிவுச் சரக்கு, காப்பியடிச்ச பொருள் என்றுதான் பேர்.

டோக்கியோவில் ஜுன் மிக்கி என்ற ஜப்பானிய இளைஞர் 'லைஃப்'புக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தன் லைக்காவில் ஒரு 85 மி.மீ. எஃப்/2 லென்ஸை மாட்டி, டங்கனையே சும்மா ஒரு படம் எடுத்தார். லென்ஸின் பெயர் நிக்கோர். செய்தது நிப்பான் கோகாக்கு. இன்னிக்கு நாம நிக்கான்னு சொல்றோமே, அதே கம்பெனிதான். 1917-ல் தொடங்கியது. போர் முடியும்வரை ராணுவத்துக்கு பைனாகுலர், பெரிஸ்கோப் மாதிரி கருவிகள் செய்து கொடுத்தது. தன் பேரில் முதல் கேமராவை 1948-ல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஜப்பான் லென்ஸா என்று டங்கன் முதலில் பெரிசா எடுத்துக்கல. பிரிண்ட் கைக்கு வந்ததும் நிலைமை மாறியது. அவ்வளவு கூர்மை. அவரும் ஹோரஸ் பிரிஸ்டல் என்ற இன்னொரு அமெரிக்க போட்டோகிராபரும் நேரா தொழிற்சாலைக்கே போனார்கள். கம்பெனித் தலைவர் மசாவோ நாகவோகா அவர்களை வரவேற்றார். ஜெர்மன் லென்ஸ், ஜப்பான் லென்ஸ் இரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். டங்கன் லென்ஸை மாற்றினார். கேமராவை மாற்றவில்லை. இதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம்.

சரி, ஜெர்மன் கேமராவில் ஜப்பான் லென்ஸ் எப்படிப் போய் உட்கார்ந்தது?

28.8

லைக்கா 1925-ல் விற்பனைக்கு வந்தபோது லென்ஸைக் கழற்றவே முடியாது. 1930-ல் கழற்றி மாட்டுகிற மாடல் வந்தது. 39 மி.மீ. அகலமுள்ள ஒரு மரை. பாட்டில் மூடி மாதிரி திருகணும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு லென்ஸையும் ஒவ்வொரு பாடிக்கும் தனித்தனியாகச் சரிசெய்துதான் கொடுத்தார்கள். உங்க லைக்காவின் லென்ஸை என் லைக்காவில் மாட்டினால் ஃபோகஸ் சரியா இருக்கும்னு சொல்ல முடியாது. அதே கம்பெனி, அதே மாடல், அப்பவும்!

ஏன்? லென்ஸ் உட்காருகிற வளையத்துக்கும் உள்ளே இருக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அது துல்லியமாக இருக்கணும். லென்ஸ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் பூ தெளிவா வரும், தூரத்து மலை எப்பவுமே மங்கல்தான். 1931-ல் லைக்கா இந்தத் தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைநிறுத்தியது. அதற்கப்புறம் எந்த லென்ஸும் எந்த பாடியிலும் போகும்.

ஒரு அளவு நிலையானதுமே, அதை வெளியில் இருப்பவர்களும் அளக்கலாம் இல்லையா? சோவியத் நாட்டில் ஃபெட், ஜப்பானில் லியோடாக்ஸ், நிக்கா, கேனான் என்று பல கம்பெனிகள் லைக்கா வழியில் கேமரா செய்தார்கள். போருக்குப் பிறகு ஜெர்மன் காப்புரிமைகளும் மதிப்பிழந்தன. அந்த 39 மி.மீ. மரை உலகத்துக்கே பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. நிப்பான் கோகாக்குவும் தன் லென்ஸ்களில் அந்த மரையைப் போட்டு விற்றது.

இன்னொரு செய்தி கேட்டா சிரிப்பீங்க. 1930-களில் கேனானின் முதல் கேமரா வந்தபோது அதில் இருந்த லென்ஸ் நிக்கோர்தான். கேனானுக்கு அப்போ சொந்தமா லென்ஸ் செய்யத் தெரியாது. லென்ஸோட சேர்த்து மவுண்டையும் நிப்பான் கோகாக்குதான் செய்து கொடுத்தது. நிக்கானா கேனானா என்று இன்னிக்குச் சண்டை போடுறவங்களுக்கு இதை ஃபார்வேர்ட் பண்ணுங்க.

கொரியா

1950 ஜூன் 25. கொரியப் போர் தொடங்கியது. பக்கத்திலேயே இருந்த டங்கன் உடனே கிளம்பிவிட்டார். கழுத்தில் லைக்கா, அதன் முகத்தில் நிக்கோர்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போர்க்களத்துல ரீடேக் கிடையாது. அந்த லென்ஸ் சொதப்பினா அந்த ஆளோட முகம் வரலாற்றுல இருந்தே போயிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு, உலகமே நம்பாத ஒரு லென்ஸை நம்பி எடுத்துட்டுப் போனார்.

அந்த வருஷக் கடைசியில், சோசின் நீர்த்தேக்கத்திலிருந்து மரைன்கள் உறைபனியில் பின்வாங்கினார்கள். களைத்துப்போன ஒரு வீரரிடம், எது கேட்டாலும் கிடைக்கும் என்றால் என்ன கேட்பாய் என்றார் டங்கன். அந்த வீரர் கேட்டது நாளைய பொழுதை மட்டும்தான். அந்த முகங்கள் 'லைஃப்'பில் வந்தன. அடுத்த வருஷம் 'திஸ் இஸ் வார்!' என்ற புத்தகமாகவும் வந்தன.

நியூயார்க்கில் ஆசிரியர்கள் அந்தக் கூர்மையைப் பார்த்து அசந்துபோனார்கள். 1950 டிசம்பர் 10 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இந்த ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றி எழுதியது. மற்ற பத்திரிகைக்காரர்களும் நிக்கோர் தேட ஆரம்பித்தார்கள். லென்ஸைத் தேடி வந்தவர்கள் கொஞ்ச நாளில் கேமராவையும் வாங்கினார்கள். 1959-ல் நிக்கான் எஃப் வந்தது. 1960-களில் கேமரா உற்பத்தியில் ஜப்பான் ஜெர்மனியைத் தாண்டியது.

லென்ஸ் மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனால் அந்த மரை பூட்டப்பட்டு இருந்திருந்தால், டங்கன் அந்த லென்ஸை முயற்சி பண்ணியே பார்த்திருக்க முடியாது.

பொருந்துறது வேற, ஒத்துப்போறது வேற

அப்போ எதையும் எதிலும் மாட்டலாமா? அங்கதான் கடைக்காரர் சொன்ன பாதி உண்மை வருது. நிக்கானின் அந்தக் காலக் கேமராக்களில் இருந்த மவுண்ட், கான்டாக்ஸைப் பார்த்து வடிவமைத்தது. கான்டாக்ஸ் லென்ஸ் அதில் அழகா உட்காரும். ஆனால் ஃபோகஸ் திருகும் கணக்கில் நூலிழை வித்தியாசம். வைடு லென்ஸில் அது தெரியாது. டெலி லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தால், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும்.

லைக்கா 1954-ல் எம்3 கேமராவுக்குப் புது மவுண்ட் கொண்டுவந்தது. தூரத்தை 27.8 மி.மீ. ஆக்கியது. சரியா ஒரு மி.மீ. குறைவு. அந்த இடத்தில் ஒரு மெல்லிய வளையத்தைப் போட்டால் பழைய மரை லென்ஸ் எல்லாம் புதுக் கேமராவில் வேலை செய்யும். பழைய வாடிக்கையாளரைத் தெருவில் விடாத ஒரு மில்லிமீட்டர்!

1987-ல் கேனான் செய்தது இதற்கு நேர் எதிர். பழைய எஃப்டி மவுண்டின் தூரம் 42 மி.மீ. புது ஈஎஃப் மவுண்டுக்கு 44. பழைய லென்ஸ் உள்ளே இன்னும் 2 மி.மீ. போகணும், இடம் கிடையாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்து மலை தெளிவாக வராது. நிக்கான் லென்ஸுக்கோ 46.5. அதை மாட்ட 2.5 மி.மீ. வளையம் போதும். அதாவது கேனான் கேமராவில் நிக்கான் லென்ஸ் போகும், பழைய கேனான் லென்ஸ் போகாது! அத்தனை வருஷம் காசு சேர்த்து லென்ஸ் வாங்கினவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கேனான் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஆட்டோஃபோகஸுக்கு லென்ஸும் கேமராவும் மின்சாரத்தில் பேசிக்கொள்ளணும், அதற்குப் பெரிய வாசல் வேணும்.

தாத்தா லென்ஸுக்குப் பதில்

இப்போ கேள்விக்கு வருவோம். 2008-க்குப் பிறகு வந்த மிரர்லெஸ் கேமராக்களில் உள்ளே கண்ணாடி இல்லை, அதனால் தூரமும் குறைவு. சோனி ஈ மவுண்டுக்கு 18 மி.மீ., நிக்கான் இசட்டுக்கு 16, கேனான் ஆர்எஃப்புக்கு 20. கணக்கு சுலபம். லென்ஸின் எண் உங்க பாடியின் எண்ணைவிடப் பெரிசா இருந்தால், மீதி இடத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் போதும். அந்தக் குழாய்தான் அடாப்டர். லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் இருக்கான்னு பாருங்க, இருந்தா நல்லது. ஃபோகஸ் கையாலதான். உள்ளே பூஞ்சை இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

டங்கன் 2018-ல், 102-வது வயதில் காலமானார். அவர் கொரியாவுக்குக் கொண்டுபோன மாதிரி ஒரு நிக்கோர் இன்னிக்கு உங்க கைக்குக் கிடைச்சா, 28.8-ல் 18 போக 10.8 மி.மீ. குழாய் ஒண்ணு போட்டு சோனியில மாட்டலாம். பரணில் இருக்கிற லென்ஸை அங்கேயே விட்டுடாதீங்க. துடைச்சு மாட்டுங்க, முதல் படமா தாத்தாவையே எடுங்க. அவர் இல்லைன்னா, அவர் உட்காருற நாற்காலியை எடுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.