எனோசன் மக்காச்சோளம்

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்க, மாவை நீரில் கரைத்துச் சூடாக்கி ஆல்பா அமைலேசு நொதியைச் சேர்ப்பர். அது மாவுச்சத்தைச் சிறு கூறுகளாக உடைக்கும். வெப்பம் தாங்கும் இந்நொதியை விதையிலேயே உண்டாக்கும் மரபணு மாற்றப் பயிரே எனோசன். உருவாக்கியது சின்செண்டா நிறுவனம். 2011 பிப்ரவரியில் அமெரிக்க வேளாண் துறை இதைப் பயிரிட இசைவளித்தது. உணவுத் தானியத்தில் கலந்தால் மாவின் கெட்டித்தன்மை கெடும் என்று அங்குள்ள மாவு ஆலையினர் எதிர்த்தனர்.

இந்தியாவின் 2018 உயிரி எரிபொருள் கொள்கை, மக்காச்சோளத்தையும் எத்தனால் மூலப்பொருளாக ஏற்றது. ஆயினும் 2002இல் இசைவு பெற்ற பிடி பருத்தியே இங்கு வணிக முறையில் பயிராகும் மரபணு மாற்றப் பயிர்.

பந்தல்குடி சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் விளைகிறது. இதன் மகரந்தம் காற்றில் பரவுவதால், அடுத்தடுத்த சிறு புஞ்சைகளில் எரிபொருள் வகையையும் உணவு, தீவன வகையையும் கலக்காமல் காப்பது கடினம்.