ஆங்கில ஆர்ட்டிகிள்கள்

ஆர்ட்டிகிள் என்பது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னர் வந்து, அப்பெயர் குறிக்கும் பொருள் கேட்பவருக்குத் தெரிந்ததா, தெரியாததா என்பதை உணர்த்தும் சொல்லாகும். 'எ', 'ஆன்' ஆகியன பொதுவான ஒன்றையும், 'த' குறிப்பிட்ட ஒன்றையும் சுட்டும். பேச்சில் 'எ' பெரும்பாலும் 'அ' எனக் குறுகி ஒலிக்கும்.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் ஒன்று எனப் பொருள்படும் 'ஆன்' என்ற எண்ணுப்பெயரே இன்றைய 'எ', 'ஆன்' ஆகியவற்றின் மூலமாகும். 'த' என்பது சுட்டுச்சொல்லிலிருந்து தோன்றியது.

எ, ஆன் வேறுபாடு

உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஆன்' வரும். ஏனையவற்றுக்கு முன் 'எ' வரும். தமிழில் உயிருக்கு முன் 'ஓர்' (ஓர் ஊர்), உயிர்மெய்க்கு முன் 'ஒரு' (ஒரு மரம்) வருவது இதனை ஒத்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பல இடங்களில் வேறுபடுவதால், ஒலியையே கணக்கில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டுகள்:

- 'எ யுனிவர்சிட்டி': முதலெழுத்து உயிர், ஒலி 'யு'.
- 'ஆன் ஆனஸ்ட் மேன்': முதலெழுத்து மெய், அது ஒலிப்பதில்லை.
- 'ஆன் எம்.எல்.ஏ.': எழுத்து மெய், அதன் பெயர் 'எ' என்னும் உயிரில் தொடங்குகிறது.

சமையலின்போது அணியும் 'ஏப்ரன்' முற்காலத்தில் 'நேப்ரன்' என வழங்கியது. 'எ நேப்ரன்' என்பதை மக்கள் 'ஆன் ஏப்ரன்' எனப் பிரித்துக் கொண்டதால் முதல் மெய் நீங்கியது.

பொருள் வேறுபாடு

ஆர்ட்டிகிள் மாறினால் பொருளும் மாறக்கூடும். 'எ ஃபியூ' என்றால் சில உள்ளன என்றும், 'ஃபியூ' என்றால் மிகக் குறைவு, ஏறத்தாழ இல்லை என்றும் பொருள்படும். 'கோ டு ஸ்கூல்' என்பது கல்வி கற்கச் செல்வதையும், 'கோ டு த ஸ்கூல்' என்பது ஏதேனும் ஒரு காரணத்திற்காக அப்பள்ளிக்குச் செல்வதையும் குறிக்கும்.

ஆர்ட்டிகிள் வராத இடங்கள்

பொதுமையில் கூறப்படும் பன்மைப் பெயர்களுக்கும், எண்ண இயலாத பெயர்களுக்கும் ஆர்ட்டிகிள் தேவையில்லை. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேசன்' ஆகியன ஆங்கிலத்தில் எண்ண இயலாதவை; எனவே அவற்றின் முன் 'ஆன்' சேர்ப்பது பிழையாகும். ஆள், ஊர், பெரும்பாலான நாடுகளின் பெயர்களுக்கு முன் 'த' வராது. ஆறு, கடல், மலைத்தொடர் ஆகியவற்றின் பெயர்களுக்கு முன் வரும்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் 'த' என்பதற்கு நேரான தனிச்சொல் இல்லை. 'அந்த' என்னும் சுட்டும், இரண்டாம் வேற்றுமை உருபும் அப்பணியின் ஒரு பகுதியைச் செய்கின்றன. "நூல் வாங்கினேன்" என்பதில் எந்த நூல் என்பது முதன்மையன்று; ஆங்கிலத்தில் இங்கு 'எ' வரும். "நூலை வாங்கினேன்" என்றால் முன்பே அறிந்த நூல் எனப் பொதுவாகக் கொள்ளப்படும். அங்கு 'த' வரும். சொற்றொடரைத் தமிழில் அமைத்து, 'ஐ' உருபு தேவைப்படுகிறதா எனப் பார்ப்பது அஃறிணைச் செயப்படுபொருளைப் பொறுத்தவரை கற்போருக்குப் பெரிதும் உதவும். எனினும் இதனை எல்லா இடங்களுக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள இயலாது.