உடலினுள் நைட்ரோசமீன் உருவாக்கம்

உடலினுள் நைட்ரோசமீன் உருவாக்கம் என்பது, உணவு, குடிநீர் ஆகியவற்றின் வழியாக உட்செல்லும் நைட்ரேட்டு, வாயிலும் இரைப்பையிலும் படிப்படியாக மாற்றமடைந்து, புற்றுநோயை உண்டாக்கவல்ல நைட்ரோசமீன் சேர்மங்கள் உருவாக வழிவகுப்பதைக் குறிக்கும். நைட்ரேட்டு தன்னளவில் புற்றுநோய்க் காரணி அன்று. அது எவ்வகை உணவுடன் சேர்ந்து வருகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

வினை நிகழும் முறை

உட்கொண்ட நைட்ரேட்டு சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுக் குருதியில் கலக்கிறது. அதில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை உமிழ்நீர்ச் சுரப்பிகள் பிரித்தெடுத்து மீண்டும் வாய்க்கு அனுப்புகின்றன. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உட்கொண்ட மொத்த நைட்ரேட்டில் சுமார் 5 விழுக்காடு இவ்வாறு நைட்ரைட்டாகிறது.

இரைப்பையில் இந்த நைட்ரைட்டு நைட்ரஸ் அமிலமாகி, ஈரிணைய அமீன்களுடன் வினைபுரிந்து நைட்ரோசமீனைத் தருகிறது. பி.எச். அளவு 3-ஐ ஒட்டி இருக்கும்போது இவ்வினை மிக விரைவாக நிகழும். எளிய அமீன்களைப் பொறுத்தவரை வினைவேகம் நைட்ரைட்டுச் செறிவின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது நைட்ரைட்டு பாதியானால் வேகம் கால் பங்காகும். நைட்ரோசமீனைக் கல்லீரல் நொதிகள் சிதைக்கும்போது தோன்றும் வினைத்திறன் மிக்க துணுக்குகள் டி.என்.ஏ.வுடன் பிணைந்து மரபுப் பிழைகளுக்குக் காரணமாகின்றன.

கண்டறிதல்

1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மாகீ, பார்ன்ஸ் ஆகிய இருவர், டைமெத்தில் நைட்ரோசமீன் எலிகளின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டினர். பின்னர் நார்வேயில், நைட்ரைட்டு சேர்த்துப் பதப்படுத்திய மீன்தூளை உண்ட ஆடுகள் கல்லீரல் நோயால் இறந்தபோது, 1960-களில் அத்தூளிலும் இதே சேர்மம் கண்டறியப்பட்டது.

மனித உடலுக்குள்ளேயே இவ்வினை நிகழ்கிறதா என்பதற்கு 1981-இல் விடை கிடைத்தது. பிரான்சின் லியோன் நகரில் ஓசிமா, பார்ட்சு ஆகியோர், நைட்ரேட்டு மிகுந்த பீட்ரூட் சாற்றையும் புரோலின் என்னும் அமினோ அமிலத்தையும் உட்கொண்டவரின் சிறுநீரில் நைட்ரோசோபுரோலின் வெளியேறுவதை அளந்தனர். இச்சேர்மம் புற்றுநோய்க் காரணி அன்று என்பதாலும், மாற்றமின்றி வெளியேறும் என்பதாலும் சோதனை பாதுகாப்பானதாக அமைந்தது. உயிர்ச்சத்து சி-யும் உடன் கொடுக்கப்பட்டபோது அதன் அளவு பெரிதும் குறைந்தது.

காய்கறியும் பதப்படுத்திய இறைச்சியும்

உணவு வழி நைட்ரேட்டின் பெரும்பகுதி காய்கறிகளிலிருந்தே வருகிறது. கீரைகள், பீட்ரூட், முள்ளங்கி ஆகியன இதில் முதன்மையானவை. ஆனால் அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி, பாலிபீனால்கள் போன்றவை நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி, அமீனுடன் சேரவிடாமல் தடுக்கின்றன. பதப்படுத்திய இறைச்சியில் நைட்ரைட்டு நேரடியாகவே சேர்க்கப்படுகிறது. அமீன்களும், வினையைத் தூண்டும் ஹீம் இரும்பும் அதிலேயே உள்ளன. எனவே நைட்ரேட்டுக்கு அஞ்சிக் கீரையைத் தவிர்ப்பது பொருளற்றது.

அமெரிக்காவில் 1978-இல், பன்றி இறைச்சியான பேக்கனில் சேர்க்கும் சோடியம் நைட்ரைட்டு பத்து இலட்சத்தில் 120 பங்கு என வரையறுக்கப்பட்டு, 550 பங்கு அசுக்கார்பேட்டு அல்லது எரித்தார்பேட்டு சேர்ப்பதும் கட்டாயமாக்கப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலினுள் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகும் சூழலில் உட்கொள்ளப்படும் நைட்ரேட்டையும் நைட்ரைட்டையும் 2006-இல் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்னும் 2அ பிரிவிலும், பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் முதல் பிரிவிலும் வகைப்படுத்தியது.

குடிநீர்

குடிநீரில் வரும் நைட்ரேட்டுடன் இத்தகைய தடுப்புப் பொருட்கள் வருவதில்லை. உலக சுகாதார அமைப்பின் வரம்பு லிட்டருக்கு 50 மி.கி.; இந்தியத் தர வரம்பு 45 மி.கி. உலக சுகாதார அமைப்பின் வரம்பு, பச்சிளங் குழந்தைகளின் குருதி ஆக்சிசனை எடுத்துச்செல்லும் திறனை இழக்கும் "நீலக்குழந்தை" நோயை முன்னிட்டு வகுக்கப்பட்டதேயன்றிப் புற்றுநோயைக் கருதி அன்று. டென்மார்க்கில் சுமார் 27 இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு, இவ்வரம்பிற்கு மிகக் கீழான அளவுகளிலும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயுடன் தொடர்பு இருப்பதைக் காட்டியது. எனினும், தொடர்பு காணப்படுவது மட்டுமே காரணத்தை நிறுவாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உரங்களும் மலக்குழிக் கழிவும் சுண்ணக்கல் நிலத்தின் வழியே எளிதில் இறங்குவதால், கிணறுகள் பலவற்றில் நைட்ரேட்டு இவ்வரம்பைத் தாண்டிக் காணப்பட்டுள்ளது. நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட்டு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.