கணினிகளின் எண்ணிக்கையிலிருந்து பயனாளர் கணக்குக்கு: மேலூர், தேனி வலைப்பின்னல்கள், 2001–2008

இணையத்தின் அளவைச் சொல்ல உலகம் முதலில் கண்ட வழி, இணைந்திருக்கும் கணினிகளை எண்ணுவது. 1981 ஆகஸ்டில் அவை 213. மார்க் லாட்டர் வெளியிட்ட கணக்கின்படி 1992 ஜனவரியில் ஏறத்தாழ 7,27,000. கணினிகளுக்கு இடப்பட்ட பெயர்களின் பதிவேட்டைத் துருவி எடுத்த எண் இது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஓரளவு பொருந்திய இந்த அளவுகோல், ஊருக்கே ஒரு கணினி என்ற வடிவில் இணையம் நுழைந்த மதுரைச் சமவெளியில் பயன்படவில்லை. இங்கே எதை எண்ணுவது என்ற கேள்விக்கு விடை காண ஏழெட்டு ஆண்டுகள் ஆயின.

2001இல் மேலூர் வட்டத்தில், கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசெல்லும் ‘சாரி’ திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா வழிநடத்திய டெனெட் குழு, எம்.ஐ.டி. மீடியா லேப், ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் நிறுவனம் ஆகியவை இதில் கைகோத்தன. கோர்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில், கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் சுமார் 10 கிலோமீட்டர் வரை தொலைபேசியும் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வேக இணையமும் கிடைத்தன. கண்மாய்களும் வயல்களுமாக விரிந்த சமவெளி அதற்கு வாகாக இருந்தது. சில ஆண்டுகளில் கியோஸ்க்குகள் எனப்பட்ட ஊர்க் கணினி மையங்களின் எண்ணிக்கை எண்பதை நெருங்கியது. பெரும்பாலானவற்றை உள்ளூர்த் தொழில்முனைவோர் நடத்தினர். சிலவற்றை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நடத்தியது.

திட்டத்தைப் பற்றிய பேச்சு முதலில் இந்த எண்பதைச் சுற்றியே நடந்தது. ஆனால் ஒரு கியோஸ்க் திறந்திருக்கிறது என்பதால் ஊர் அதற்குள் வந்துவிட்டது என்று ஆகாது. ஒரே கணினி என்பதால் ஒரே பயனாளர் என்றும் ஆகாது. கணினிக் கணக்கு இரு பக்கமும் தவறுகிறது. கிறிஸ்டோபர் பிளாட்மன், ராபர்ட் ஜென்சன், ராவுல் ரோமன் ஆகியோர் மேலூர் வீடுகளில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, கருவியை விட்டுவிட்டுத் தேவையை அளந்தது. அளவீட்டில் முதல் திருப்பம் அதுதான் என்பது என் கருத்து.

அடுத்த திருப்பம் தாலுகா அலுவலகத்தின் பதிவேடுகளில் நிகழ்ந்தது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் கியோஸ்க் வழியாக மனு அனுப்பலாம் என்று ஆனதும், அந்த ஊர்களிலிருந்து வரும் மனுக்கள் கூடின. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006இல் இதை ஆதாரத்துடன் காட்டினர். ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனபின் சேவை தளர்ந்ததையும் அவர்களே பதிந்தனர். அலைவரிசையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தத் தளர்ச்சி படவே படாது.

அதே இருவரின் இன்னொரு ஆய்வு, வருகிறவர்கள் யார் என்று கேட்டது. திறந்து ஓராண்டுக்கு மேலாகியும் ஊர்க் குடும்பங்களில் சிறு பங்கினரே கியோஸ்க்குக்கு வந்திருந்தனர். வந்தவர்களிலும் படித்த இளைஞர்களும் மாணவர்களுமே மிகுதி, பெண்கள் குறைவு. பழைய ஏற்றத்தாழ்வை இணையம் அப்படியே நீட்டிக்கக்கூடும் என்பது முதல் முடிவு. அதற்கு விலக்கும் இருந்தது: கியோஸ்க் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை ஒட்டி அமைந்தபோதும், அவர்களில் ஒருவரே அதை நடத்தியபோதும் அச்சமூகத்தினர் கூடுதலாக வந்தனர். எந்தத் தெருவில் கணினியை வைப்பது என்பதைத் தொழில்நுட்பத்துக்கு வெளியே உள்ள சில்லறை விஷயமாக எண்ணியவர்களுக்கு இது தெளிவான மறுப்பு. மேலூர் தந்த முடிவுகளில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். 2008இல் வெளியான தொடர் ஆய்வு, மூடப்பட்ட கியோஸ்க்குகளை ஆராய்ந்தது. வருமானம் கட்டுப்படியாகாததே முக்கியக் காரணம். உரிமையாளருக்குக் கணினிப் பயிற்சி இருந்து, தனியே பயிற்சி பெற்ற பணியாளரும் இருந்த இடங்கள் நீடித்து நின்றன.

மேலூர்க் கியோஸ்க்குகளிலிருந்து, நோயைக் கண்டறிவதற்காகக் கண்களின் படங்களும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், பிறகு தேனிப் பகுதியில் கண் பார்வை மையங்களைத் தானே அமைத்தது. பெர்க்லியில் எரிக் புரூவரின் குழு அவற்றை நெடுந்தூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையுடன் இணைத்தது. சாதாரண வைஃபை குறுந்தூரத்துக்கானது. தரவு போய்ச்சேர்ந்ததைச் சொல்லும் பதில் குறிப்புக்காகக் காத்திருப்பதிலேயே நெடுந்தூரத்தில் அதன் வேகம் விழும். நேரத்தைப் பங்கிட்டு அனுப்பும் வைல்ட்நெட் முறை, தரவு வேகத்தை 2 முதல் 5 மடங்கு உயர்த்தியது என்று 2007இல் அறிவித்தனர்.

இயக்கிப் பார்க்கும்போதுதான் அளவீட்டின் உண்மையான சிக்கல் தெரிந்தது. வெளியிலிருந்து தேனிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே கருவிகளே தங்கள் நிலையை வெளியே அனுப்பும் ‘ஃபோன்ஹோம்’ முறையை வைத்தனர். தகவல் நின்றால் கோளாறு என்பது புரியும். கரண்ட் போனதா, ரவுட்டர் பழுதா, ஆன்டெனா திரும்பிவிட்டதா, யாராவது சுவிட்சை அணைத்தார்களா என்பது புரியாது. மின்சாரத்தை அளந்தபோது, ஏறி இறங்கும் மின்னழுத்தமே பெரும்பாலான பழுதுகளின் மூலம் என்று வெளிப்பட்டது. 2008இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை, அலைவரிசைக்குச் சமமாக மின்தரத்தையும் உள்ளூர்ப் பணியாளரின் திறனையும் எடைபோட்டது. மின்னழுத்தம் குறையும்போது மின்னிணைப்பைத் துண்டிக்கும் சிறு சுற்றுகள் பொருத்தப்பட்டன. கோளாறைக் கண்டறியும் வேலை படிப்படியாக அரவிந்த் ஊழியர்களின் கைக்கு வந்தது.