ரவுட்டர்கள் எழுதும் செக்குபந்தி

கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். என் பத்திரத்தில் கிழக்கே உங்கள் நிலம் என்றிருந்தால், உங்கள் பத்திரத்தில் மேற்கே என் நிலம் என்றிருக்க வேண்டும். இல்லையென்றால் வில்லங்கம்தான். இணையத்தில் தகவலுக்கு வழி காட்டும் ரவுட்டர் பெட்டிகளும் இப்படித்தான் செக்குபந்தி எழுதிக்கொள்கின்றன. அந்த ஏற்பாடு பிறந்த கதையும், ஒருநாள் அது கவிழ்ந்த கதையும் சுவையானவை.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்காவில் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. ஒவ்வோர் இடத்திலும் ஐஎம்பி என்றொரு சிறு கணிப்பொறி. இரண்டு ஐஎம்பிகளுக்கு நடுவே குத்தகைக்கு எடுத்த ஒரு தொலைபேசித் தடம், வேகம் வினாடிக்கு 50 கிலோபிட். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், நடுவில் வேறு யாருமில்லை. இதைத்தான் பாயின்ட் டு பாயின்ட் என்கிறார்கள்.

முதல் பத்தாண்டு, பக்கத்துப் பெட்டி சொல்வதை நம்பியே வழி தேடினார்கள். ஊரில் வழி கேட்பது மாதிரி. ஒரு தடம் அறுந்தால் இவன் அவனைக் காட்டுவான், அவன் இவனைக் காட்டுவான், தகவல் வட்டமடிக்கும். 1979-இல் பிபிஎன் நிறுவனத்தின் மெக்குவிலன், ரிச்சர், ரோசன் ஆகியோரின் புது முறை வந்தது. இனி ஒவ்வொரு பெட்டியும் தன்னைப் பற்றி மட்டுமே பேசும்: "எனக்கு இன்னின்ன பக்கத்துப் பெட்டிகளோடு தடம் உண்டு, ஒவ்வொன்றிலும் தாமதம் இவ்வளவு." அந்த அறிவிப்பு ஒரு எழுத்தும் மாறாமல் வலை முழுக்கப் பரவும். எல்லோர் கையிலும் முழு வரைபடம் சேர்ந்துவிடும். டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்குப்படி அவரவர் குறுக்குவழியைக் கண்டுகொள்ளலாம்.

எது பழைய அறிவிப்பு, எது புதியது? அதற்கு 0 முதல் 63 வரை வரிசை எண். 63-க்குப் பிறகு மறுபடி 0. ஆகவே பெரிய எண் புதியது என்று சொல்ல முடியாது; கடிகாரம் போல, முன்னோக்கி 32 எண்ணுக்குள் இருப்பது புதியது என்று வைத்தார்கள்.

1980 அக்டோபர் 27. வன்பொருள் கோளாறால் பிட்டுகள் உதிர, 50-ஆம் எண் ஐஎம்பியின் அறிவிப்பு 8, 40, 44 என்று மூன்று எண்களோடு உலவத் தொடங்கியது. விதிப்படி 8-ஐவிட 40 புதியது. 40-ஐவிட 44 புதியது. 44-லிருந்து சுற்றி வந்தால் 8 இன்னும் புதியது! எல்லாப் பெட்டிகளும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாங்கி, அண்டையாருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தன. வேறு வேலைக்கு நேரமில்லை. வலை பல மணி நேரம் முடங்கியது. 50-ஆம் எண்ணிலிருந்து வரும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று மற்ற பெட்டிகளின் மென்பொருளில் ஒட்டுப்போட்ட பிறகுதான் ஓய்ந்தது. ரோசன் இதை 1981-இல் ஆர்எஃப்சி 789 என்ற அறிக்கையில் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். தன் கையால் செய்த ஏற்பாட்டின் ஓட்டையை இப்படிப் பதிவு செய்வது பெரிய மனசு.

ரேடியா பெர்ல்மன் 1983-இல், தப்பான அறிவிப்பு புகுந்தாலும் வலை தானே தேறிக்கொள்ளும் வழியைக் காட்டினார். 1989-இல் முதல் வடிவம் கண்ட ஓஎஸ்பிஎஃப் முறையில் அந்தப் பாடங்கள் இருக்கின்றன. இப்போதைய விதிப்படி எண் 32 பிட், வட்டமடிப்பதில்லை. ஐந்து வினாடிக்கு ஒன்று செலவழித்தாலும் தீர 680 வருஷம் ஆகும். அறிவிப்புக்கு வயதும் உண்டு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது கூடும்.

பாயின்ட் டு பாயின்ட் தடத்தை ரவுட்டர் இரண்டு வரியாக எழுதுகிறது. எதிர்முனை ரவுட்டரின் அடையாள எண்ணும் தடத்தின் செலவும் ஒரு வரி. அந்தக் கம்பிக்கென்று உள்ள முகவரித் தொகுதி இன்னொரு வரி. வழி கணக்கிடுகிறவர் முதல் வரியை அப்படியே நம்பமாட்டார். எதிர்முனையின் அறிவிப்பை எடுத்து, அதிலும் இவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் மட்டும் சொன்னால் அந்தத் தடம் கணக்கில் சேராது.

30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ரவுட்டரும் தன் அறிவிப்பைப் புதுப்பிக்க வேண்டும். பேச்சு நின்றுபோன ரவுட்டரின் அறிவிப்பு 3600 வினாடியில் காலாவதியாகி, எல்லோர் ஏட்டிலிருந்தும் போய்விடும். யாரும் ஒட்டுப்போட வேண்டியதில்லை.