பிள்ளை ஆருக்கு?

எங்களில் சிலர் இரண்டு வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம் என்றாலே வயிறு கலங்கும். வீட்டுக்கு வாற சொந்தக்காரர் முதலில் கேட்கிறதே, "நீ அம்மாவோடையோ, அப்பாவோடையோ?" என்றுதான். இந்தக் கேள்வி எங்கடை ஊரில் மட்டும் பிறந்ததில்லை. அதற்குப் பின்னால் நீண்டதொரு சட்ட வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அப்படிக் கேட்கவே தேவையிருக்கவில்லை. பிள்ளை தகப்பனுக்கு, அவ்வளவுதான். எழுத்தாளர் கரோலின் நோர்ட்டன் 1827இல் மணமுடித்தார். கணவர் ஜோர்ஜ் அவரை அடிப்பவர். 1836இல் உறவு முறிந்தபோது, மூன்று ஆண் பிள்ளைகளையும் தாயிடமிருந்து பிரித்த ஜோர்ஜ், பிறகு அவர்களை ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினார். பிரதமர் மெல்பேர்ணுடன் மனைவிக்குத் தொடர்பு என்று வழக்கும் போட்டார். ஜூரி அதை ஏற்கவில்லை. வழக்கில் தோற்றது தகப்பன். ஆனாலும் பிள்ளைகள் தகப்பனிடமே இருந்தார்கள்.

கரோலின் சும்மா இருக்கவில்லை. துண்டுப்பிரசுரங்கள் எழுதினார், பாராளுமன்ற உறுப்பினர்களை அணுகினார். 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் பிறர் தொடர்பு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அந்த உரிமை இல்லை. ஸ்கொட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது என்பதால் கரோலினுக்கும் அது கைகொடுக்கவில்லை. 1842இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். தாய் போய்ச் சேர முன்னமே உயிர் போய்விட்டது.

பிள்ளையின் நலனே முதன்மையானது என்று இங்கிலாந்துச் சட்டம் சொல்ல 1925 வரை எடுத்தது.

இனி எங்கடை நாட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டமும் தகப்பனுக்கே முன்னுரிமை கொடுத்தது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே மூன்று காரணங்களை வைத்தது: பிறர் தொடர்பு, தீய எண்ணத்துடன் கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த குணமாகாத ஆண்மைக்குறைவு. மனமொத்துப் பிரிய அதில் வழியில்லை. கண்டியச் சட்டத்தின் கீழ் மணமுடித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். தமிழர்களில் பெரும்பாலானோர் 1907 சட்டத்துக்குள்தான் வருகிறார்கள்.

இதன் விளைவு என்ன? பிரிய வேண்டுமென்றால் ஒருவர் மற்றவரைக் குற்றவாளி ஆக்கியே தீரவேணும். சேர்ந்து வாழ முடியாத இரண்டு நல்ல மனிசருக்கு அங்கே இடமில்லை. வழக்கு இழுபட இழுபட, வீட்டுக்குள் பிள்ளை சாட்சியாகிறது, தூதாகிறது, ஒற்றனாகிறது. "அப்பா ஆரோடை கதைக்கிறவர்?" என்று அம்மா கேட்பா. "அம்மா என்ன சொன்னவ?" என்று அப்பா கேட்பார். பிரிவைவிட, ஓயாத சண்டைதான் பிள்ளையை அதிகம் உடைக்கும் என்று உளவியலாளர்கள் பலர் சொல்வது இதைத்தான். ஒருவரில் பாசம் காட்டினால் மற்றவருக்குத் துரோகம் என்று நினைத்து வளர்கிற பிள்ளை, பிறகு ஆரிலும் பாசம் காட்டப் பயப்படும்.

1989இல் ஐ.நா. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றது. இலங்கை அதை 1991இல் உறுதிப்படுத்தியது. நலனுக்குக் கேடில்லாத வரையில் இரு பெற்றாருடனும் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது 9ஆம் உறுப்புரை. தன்னைப் பற்றிய விடயங்களில் பிள்ளையின் கருத்துக்கும் காது கொடுக்க வேண்டும் என்கிறது 12ஆவது.

கடதாசியில் அது வந்து முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. எங்கடை வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. கரோலினின் போராட்டம்கூடத் தாயின் உரிமைக்கானதுதான். வில்லியமிடம் ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. எங்களிடமும் கேட்டது "ஆரோடை?" என்று மட்டும்தான். "உனக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்க ஒரு சட்டமும் தேவையில்லை. பக்கத்துக் கதிரையில் இருக்கிற கூட்டாளியிடம் நாளைக்கே கேட்கலாம்.