சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில், பொழுது புலருமுன் வந்து சேர்ந்த பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, மணலைப் பரப்பி, சிறுவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அகரம் எழுதப் பழக்கியவர் பெரும்பாலும் உபாத்தியாயர் அல்லர். அச்சிறுவனினும் சில வயதே மூத்த சட்டாம்பிள்ளைதான். ஒருவன் மணலிலும், மற்றொருவன் ஓலையிலும், வேறொருவன் எண்சுவடியிலுமாகப் பலபடியாய் நின்ற மாணாக்கரை ஒரே உபாத்தியாயர் கவனித்தல் அசாத்தியமாகையால், முந்திக் கற்றவன் பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் தானாகவே ஏற்பட்டது. சட்டாம்பிள்ளை வாய்பாட்டை ஓரடி சொல்ல, ஏனையோர் உரத்த குரலில் அதைத் திருப்பிச் சொல்லுவர். நேற்று இடறியவனுக்கே இடறும் கல் இன்னதென்று நன்றாகத் தெரியுமாதலால், சிறுவன் ணகரத்துக்கு எத்தனை சுழி என்று மயங்கும் இடத்தை அவன் உடனே கண்டுகொள்வான். சொல்லிக் கொடுப்பதனால் அவனுடைய பாடமும் உறுதிப்படும்.

1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட விடுதிக்குத் தலைமை வகித்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், ஒருநாள் காலையில் குதிரைமேற் செல்லுகையில், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியில் அனுஷ்டிக்க விரும்பினார். அங்கிருந்த உதவி உபாத்தியாயர் அது இயலாதென்று கைவிரிக்கவே, சிப்பாய் ஒருவரின் மகனாகிய ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார். பெரியவர் மறுத்த காரியத்தைச் சிறுவன் செவ்வையாக நிறைவேற்றினான். தாய்நாடு திரும்பிய பெல் 1797-இல் இதனை ஒரு நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்று பிரசித்தி பெற்றது.

மணலில் எழுதுவதை நம்மவரிடமிருந்து கற்றதாக ஒப்புக்கொண்ட பெல், மாணாக்கரே மாணாக்கருக்குப் போதிக்கும் ஏற்பாட்டை மாத்திரம் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். இதை நான் ஒப்பமாட்டேன். அவருக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1623-இல், கன்னட நாட்டில், உபாத்தியாயர் இல்லாமலே சிறுவர் சிலர் மணலில் எழுதிக்கொண்டும் இசையோடு சொல்லிக்கொண்டும் தம்முள் ஒருவருக்கொருவர் கணக்குப் பயின்றதை, இத்தாலிய யாத்திரிகர் பியெத்ரோ தெல்லா வாலே நேரிற் கண்டு எழுதி வைத்திருக்கிறார். இவ்வழக்கம் நிலவிய நம் பள்ளிகளோ சிறியவை. சென்னை இராஜதானியில் கவர்னர் மன்றோ 1822-இல் தொடங்கிய விசாரணையின் முடிவில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரிந்தது. சராசரி பள்ளிக்குப் பதினைந்து பேர். இத்தகைய சிறு கூட்டத்தில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் உறவு நெருக்கமாயிருந்தது.

திண்ணைகளில் பிரம்படியும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தன என்பதும், அதிகாரம் கைக்கு வந்த சட்டாம்பிள்ளைகளிற் சிலர் கொடுமை செய்தனர் என்பதும் மெய்யே. அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் இங்கிலாந்தில் பெல்லும் அவருக்குப் போட்டியாக எழுந்த ஜோசப் லங்காஸ்டரும் இம்முறையைப் பரப்பியபோது, நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளை ஒரே உபாத்தியாயரைக் கொண்டு மலிவாகப் படிப்பிக்கலாம் என்னும் சிக்கன நோக்கமே மேலோங்கி, பாடம் படைப்பயிற்சி போலாகி, அந்நெருக்கம் அற்றுப்போயிற்று. 1846-இல் பயிற்சி மாணவ உபாத்தியாயர் திட்டம் வந்தபின் அங்கே இம்முறை மெல்ல மறைந்தது.

பெல் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு நிறுவப்பட்ட பள்ளி, அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுகிறது. நம் கல்வியின் வரலாற்றை எழுதுவோர், அப்பெயருக்கு மூலமான திண்ணையையும் சட்டாம்பிள்ளையையும் உரிய இடத்தில் வைத்து எழுத வேண்டும்.